பாரிமுனையில் முப்பது காமிராக்கள்

"மாமா! ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாரிமுனையில் இருக்க வேண்டும். காமிராவை மறந்துவிடாதீர்கள்" என்று மருமான் சொன்னபோது, நாம் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பது சற்று அதிகமாகத் தூங்குவதற்கென்றே ஏற்பட்ட தினம் என்பது நமது திடமான அபிப்பிராயம். அன்றியும், பாரிமுனைக்குப் போய்ப் படம் எடுப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? மகாபலிபுரம் என்றால் நியாயம் உண்டு; காஞ்சிபுரம் என்றாலும் நியாயம் உண்டு. காகித மூட்டையையும் இரும்புச் சாமானையும் படம் எடுப்பதற்காக யாராவது கோழி கூவுமுன் எழுந்திருப்பார்களா?

எழுந்திருக்கிறார்களாம். சென்னைப் பட்டணத்தில் புகைப்படப் பிரியர்கள் சிலர் மாதத்தில் இரண்டொரு ஞாயிறுகளில் ஒன்றுகூடி, ஏதேனும் ஒரு பேட்டையைத் தேர்ந்தெடுத்து, அதைக் கால்நடையாகவே சுற்றிப் படம் எடுத்து வருகிறார்களாம். சந்தா இல்லை; பரீட்சை இல்லை. காமிரா இல்லாதவர்கள் கைபேசியைக் கொண்டு வந்தாலும் ஆட்சேபணை இல்லை. நம்மிடம் காமிரா இருந்தது. போன தீபாவளிக்கு நமது பிள்ளை வாங்கிக் கொடுத்தது. அது அலமாரியில் நிம்மதியாகத் தூங்கிக் கொண்டிருந்தது. மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் நாமும் அதுவும் சேர்ந்தாற்போல் விழித்துக் கொண்டோம்.

பாரிமுனை என்ற பெயருக்குக் காரணமான தாமஸ் பாரி என்னும் வர்த்தகர் 1788-ல் இந்தப் பட்டணத்தில் வியாபாரம் தொடங்கியவர். அவர் பெயர் கொண்ட கம்பெனியின் இப்போதைய கட்டிடமான 'டேர் ஹவுஸ்' 1940-ல் எழுந்தது. அதன் வாசலில் நாம் போய்ச் சேர்ந்தபோது முப்பது பேருக்குக் குறையாமல் கூடியிருந்தார்கள். கல்லூரி மாணவர்கள், ஒரு பல் வைத்தியர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் இளம் தம்பதிகள், உபாத்தியாயினியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு காமிரா. சிலருடைய லென்ஸின் நீளத்தைப் பார்த்தால், துறைமுகத்தில் பீரங்கி வைக்க வந்தவர்களோ என்று சந்தேகப்படும்படி இருந்தது.

கூட்டத்தை நடத்திச் சென்றவள் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். புறப்படுமுன் மூன்று விஷயங்கள் சொன்னாள். வேலை செய்கிறவர்களின் வழியை மறிக்கக் கூடாது. ஒருவரைப் படம் எடுக்குமுன் முகத்தைப் பார்த்துச் சம்மதம் கேட்க வேண்டும். கண்ணால் முதலில் வெயிலைப் பார்க்க வேண்டும், பிறகுதான் பொருளைப் பார்க்க வேண்டும். மூன்றாவதை எல்லோரும் சிரத்தையாகக் கேட்டுக் கொண்டார்கள்.

வெயிலைப் பற்றி அவள் சொன்னது வாஸ்தவந்தான். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை கடலோரத்திலிருந்து மேற்கே போவது. ஆகையால், உதய சூரியன் துறைமுகத்துக்கு மேல் தலை காட்டியதும், தடங்கல் ஏதுமின்றி அந்தச் சாலை நெடுகிலும் வெயில் ஓடி வருகிறது. எதிரே உயர்நீதிமன்றத்தின் சிவந்த கோபுரங்கள் பளிச்சென்று எழுந்து நின்றன. ஆயிரம் முறை பஸ்ஸில் அந்த வழியே போயிருக்கிறோம். கோபுரங்கள் அங்கே இருப்பதை அன்றுதான் கண்டோம் என்று சொன்னால் நேயர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பஸ்ஸில் போகும்போது சில்லறையைத் தேடுவதா, கோபுரத்தைத் தேடுவதா?

1892-ல் கட்டி முடிந்த அந்தக் கட்டிடத்தின் உச்சிக் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அதற்கு முந்திய விளக்கம், 1844-ல் எழுப்பிய கல்தூண், இன்னும் அதே வளாகத்தில் நிற்கிறது. 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு 'எம்டன்' கப்பல் குண்டு போட்டதற்கு அடையாளமாக மதிலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் வீடுகள் நிறைந்த பழைய கறுப்பர் பட்டணமாக இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் கோட்டையைப் பிடித்து 1749-ல் திருப்பிக் கொடுத்த பின்பு, கோட்டைக்கு முன்னால் மறைவு இருக்கக் கூடாது என்று அந்த வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஜனங்கள் வடக்கே தள்ளிக் குடியேறினார்கள். அப்படிக் குடியேறிய பேட்டையைத்தான் பின்னால் ஐந்தாம் ஜார்ஜாக முடிசூடிய இளவரசரின் பெயரால் ஜார்ஜ் டவுன் என்கிறோம். வீட்டை இழந்தவர்கள் வேறு. பெயரைப் பெற்றவர் வேறு.

அந்தச் சந்திப்பில் நின்றபோது நமக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வந்தது. 1928-ம் வருஷம் பிப்ரவரியில் சைமன் கமிஷன் பகிஷ்காரத்தின்போது, இங்கேதான் போலீஸார் சுட்டார்கள். அந்த இடத்தில்தான் டி. பிரகாசம் அவர்கள் துப்பாக்கிக்கு எதிரே சட்டையைத் திறந்து மார்பைக் காட்டினார். பக்கத்துப் பிராட்வேக்கு இன்று அவர் பெயர்தான். அந்தக் கணத்தைப் பிடித்த புகைப்படம் எதையும் நாம் கண்டதில்லை. ஆனாலும் தென்னாட்டில் அதைக் கேட்டறிந்தவர்கள் கண்ணெதிரே கண்டது போலவே சொல்வார்கள். காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி நினைப்பது சற்றுத் துரோகம் போல் இருந்தது. நிற்க.

நமது கூட்டத்தார் இதற்குள் ஒரு பசுமாட்டைக் கண்டுபிடித்து விட்டார்கள். மூடிய கடையின் படியில் அது படுத்து அசை போட்டுக் கொண்டிருந்தது. இருபது பேர் அதைச் சுற்றி மண்டியிட்டார்கள். பசுவைச் சுற்றி இவ்வளவு பக்தியுடன் மண்டியிட்ட கூட்டத்தை நாம் கண்டதில்லை. அதற்குள் பின்னாலிருந்து ஒரு முழக்கம் வந்தது: "ஒத்து! ஒத்து!" தலையில் காகிதக் கட்டு ஒன்றைச் சுமந்துகொண்டு ஒருவர் வந்தார். ஆண்டர்ஸன் தெருக் கடைகளுக்குப் போகிற சுமை போலும். "நீங்க படம் எடுத்துட்டு வூட்டுக்குப் போவீங்க. நாங்க பொழைக்க வாணாமா சார்? வழியை வுடுங்க!" என்றார். முதல் விதி அதோடு மீறியாகிவிட்டது. எல்லோரும் வெட்கத்துடன் ஒதுங்கினார்கள். ஒதுங்கிய மறு விநாடியே, அவர் முதுகையும் சுமையையும் பத்துப் பேர் படம் எடுத்தார்கள். நாமும் எடுத்தோம். இரண்டாவது விதியும் போயிற்று.

அன்று இரண்டரை மணி நேரத்துக்குள் நாம் எடுத்த படங்கள் 412. இந்தக் கணக்கைப் பார்த்தபோது லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேய ராணுவ உத்தியோகஸ்தரின் ஞாபகம் வந்தது. 1856-ல் சென்னை அரசாங்கம் அவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1858-ல் அவர் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டிப் பிரயாணம் செய்து படம் எடுத்தார். மெழுகிட்ட காகிதத்தில் பிம்பத்தைப் பதிய வைக்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி! அவருடைய படங்களில் ஒரு விசேஷம் உண்டு. காகிதம் வெளிச்சத்தை வாங்கிக் கொள்ள வெகு நேரம் பிடிக்கும். கல் அசையாது, ஆகவே கோயிலும் மண்டபமும் அச்சொட்டாக விழும். நடமாடுகிற மனிதன் விழமாட்டான். வீதிகள் ஆளற்ற வீதிகளாகவே தோன்றும். இன்றைய காமிராவோ ஒரு விநாடியை ஆயிரம் கூறு செய்து, அதில் ஒரு கூறில் மனிதனை நிறுத்திவிடுகிறது. இனி மனிதன் தப்பவே முடியாது என்றுதான் நாம் நினைத்தோம்.

பத்ரியன் தெருவுக்குள் திரும்பியதும் முதலில் மூக்குத்தான் விழித்தது. மல்லி, முல்லை, மருக்கொழுந்து, துளசி, நனைந்த சாக்கு, காலடியில் நசுங்கிய சாமந்தி எல்லாம் கலந்த ஒரு வாசனை. 1996-ல் கோயம்பேட்டில் பெரிய சந்தை ஏற்பட்ட பிறகு மொத்த வியாபாரம் பெரும்பாலும் அங்கே போய்விட்டது. ஆனாலும் பூக்கடை என்ற பெயரை அந்த வட்டாரம் விடவில்லை. தெருவும் பூவை விடவில்லை.

ஒரு படிக்கட்டின் ஓரத்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்து பூக் கட்டிக் கொண்டிருந்தாள். தலைக்கு மேலே கயிற்றில் மல்லிகைச் சரங்கள் தொங்கின. சந்தின் வழியாக ஒரு கீற்று வெயில் வந்து அவள் கைகளில் விழுந்தது. அந்தக் கைகளின் வேகத்தை என்னவென்று சொல்வது! நார் எப்போது சுற்றியது, முடிச்சு எப்போது விழுந்தது என்பதே தெரியவில்லை. நமது கூட்டத்தார் வரிசையாக வந்து குனிந்து அந்தக் கைகளைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நாமும் குனிந்தோம்.

"என்ன சார், எல்லாரும் கையைக் கையைப் படம் புடிக்கிறீங்க? மூஞ்சி வாணாமா?" என்றாள் அந்த அம்மாள்.

நமக்குப் பதில் தோன்றவில்லை. "எடுக்கலாமா, அம்மா?" என்று அப்போதுதான் கேட்டோம்.

"எடுங்க. ஆனா எனக்கு ஒண்ணு குடுக்கணும். வூட்டுக்காரரு போயிப் பதினோரு வருசம் ஆவுது. சுவத்துலே மாட்ட ஒரு படம் இல்லே. ஓட்டு அட்டையிலேருந்து எடுத்துப் பெரிசாப் போட்டுக் குடுத்தான் ஸ்டூடியோக்காரன். பாத்தா, போலீசு டேசன்லே நிக்க வச்ச மாதிரி முழிக்கிறாரு. அவரு அப்படி முழிக்கிற ஆளே இல்லே சார். எனக்கும் அந்தக் கதி வாணாம். நல்லதா ஒண்ணு இருந்தா, நாளைக்கு மாட்டறதுக்கு ஆவும்."

இதைச் சொல்லிவிட்டு அவள் பூவை ஒதுக்கி வைத்தாள். முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டு, நிமிர்ந்து, நேராகக் காமிராவைப் பார்த்தாள். நாம் அப்போது செய்த காரியத்தை மறைப்பதற்கில்லை. "அப்படி வேண்டாம், அம்மா. நீங்கள் பாட்டுக்குப் பூக் கட்டுங்கள். என்னைப் பார்க்காதீர்கள்" என்றோம். இயற்கையாக இருப்பதுதான் அழகு என்று அன்று காலையில்தானே கற்றுக் கொண்டிருந்தோம்! அவள் தயக்கத்துடன் மறுபடியும் நாரை எடுத்தாள். நாம் இரண்டடி நகர்ந்து, வெயிலும் சரமும் முகமும் ஒன்று சேரும் இடம் பார்த்து, படம் எடுத்தோம். திரையில் பார்த்தபோது நமக்கே பிரமிப்பாக இருந்தது.

"எப்போ தருவீங்க?"

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை."

ஒன்பது மணிக்கு அரண்மனைக்காரத் தெருவில் இருக்கும் ஆர்மீனியர் கோயிலில் நடை முடிந்தது. வெளியே இரைச்சல், உள்ளே நிசப்தம். 1772-ல் இப்போதைய உருவில் கட்டிய கோயில் அது. தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். தரையெங்கும் கல்லறைக் கற்கள். உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை இந்தப் பட்டணத்தில்தான் 1794-ல் அச்சாகி வெளிவந்தது. அதை நடத்திய ஷ்மவோனியன் என்ற பாதிரியாரும் இங்கேயே அடக்கமாகியிருக்கிறார். பட்டும் ரத்தினமும் விற்ற அந்த வர்த்தக சமூகத்தார் இன்று சென்னையில் அனேகமாக இல்லை. கல்லில் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. படிகளில் அமர்ந்து எல்லோருமாக ஒரு படம் எடுத்துக் கொண்டோம். பிறகு காபி. பிறகு அவரவர் வீடு.

அடுத்த ஞாயிறு வந்தது, மழை. அதற்கடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். அதற்குள் பூக்கார அம்மாளின் படம் வேறு வழியில் பிரயாணம் புறப்பட்டு விட்டது. மருமான் அதை நண்பர்களுக்குக் காட்டினான். நண்பர்கள் 'ஆஹா' என்றார்கள். சித்திரை மாதத்தில் கூட்டத்தார் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் கண்காட்சி நடத்தியபோது, அதை இரண்டடி உயரத்துக்குப் பெரிதாக்கி, கறுப்புச் சட்டம் போட்டு, நடுச் சுவரில் மாட்டினார்கள். 'உழைப்பின் ஒளி' என்று யாரோ தலைப்பும் கொடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் ஒளியைப் புகழ்ந்தார்கள், நிழலைப் புகழ்ந்தார்கள், சரத்தின் வளைவு முகத்தின் வளைவோடு ஒத்துப் போவதைப் புகழ்ந்தார்கள். ஒருவர் விலை என்ன என்று விசாரித்தார். நாம் அடக்கமாக இருப்பது போல் நின்று கொண்டிருந்தோம். அது சிரமமான காரியம்.

நமது வீட்டு அம்மாளும் வந்திருந்தாள். வெகு நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த அம்மா பார்த்தாளா?" என்றாள்.

"எந்த அம்மா?"

"படத்திலே இருக்கிறவள்."

நாம் மின்சார விசிறியைப் பார்த்தோம். மூன்று மாதம் ஆகியிருந்தது. நூறு பேருக்கு மேல் பார்த்துவிட்ட ஒரு முகத்தை, முகத்துக்கு உரியவள் இன்னும் பார்க்கவில்லை. வாக்குக் கொடுத்தவர் நாம். மழையும் கல்யாணமும் அல்ல.

மறுநாள் காலையிலேயே கார்டு அளவில் ஒன்றும் பெரிதாக ஒன்றும் அச்சுப் போட்டு, உறையில் வைத்துக்கொண்டு பத்ரியன் தெருவுக்குப் போனோம். வழியெல்லாம் ஒரே பயம். எழுபது வயதுக்கு மேற்பட்டவள். அந்தப் படி காலியாக இருந்தால் என்ன செய்வது? நல்ல வேளை. அதே படி; அதே சரங்கள்; அதே கைகள்.

"ஞாயித்துக்கெளமைன்னீங்க. எத்தினி ஞாயித்துக்கெளமை!" என்றாள், தலை நிமிராமலே. அடையாளம் தெரிந்திருக்கிறது.

படத்தை நீட்டினோம். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். தூரத்தில் பிடித்தாள்; கிட்டத்தில் பிடித்தாள். அடுத்த கடைக்காரரின் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக் கொண்டாள். முகத்தில் ஒரு மாறுதலும் தெரியவில்லை. கண்காட்சிச் சுவரின் எதிரே கூட நமக்கு இவ்வளவு படபடப்பு இருந்ததில்லை.

"தலையிலே பூ இருக்குதே, சார்?" என்றாள்.

வாங்கிப் பார்த்தோம். ஆமாம். பின்னால் தொங்கிய மல்லிகைச் சரம் ஒன்று, நாம் நின்ற கோணத்தில், சரியாக அவளுடைய கொண்டையில் வந்து விழுந்து, தோள் வரை வழிந்திருந்தது. சூடிக்கொண்டது போலவே இருந்தது. சரத்தின் வளைவு, முகத்தின் வளைவு என்று அத்தனை பேர் கொண்டாடினார்களே, அதுதான் இது. இரண்டடி உயரத்தில் தொங்கிய படத்தை நாம் எத்தனை தரம் பார்த்திருப்போம்! பதினோரு வருஷமாகப் பூச் சூடாதவள் என்பது, அவள் வாயாலேயே சொல்லக் கேட்டிருந்தும், நமது கண்ணில் படவில்லை.

"மன்னிக்க வேண்டும், அம்மா. நான் கவனிக்கவில்லை" என்றோம். வேறு என்ன சொல்வது?

அவள் கோபித்துக் கொள்ளவில்லை. கண்ணாடிக்காரரிடம் படத்தைக் காட்டி, "பாத்தியா, பதினோரு வருசம் கழிச்சுப் பூ வச்சுட்டாரு சாரு!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு இன்னும் சற்று நேரம் பார்த்தாள். கார்டு அளவுப் படத்தை மட்டும் எடுத்து, காசு வைக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, நோட்டுக்களுக்கெல்லாம் அடியில் வைத்து மூடினாள். பெரியதை நம்மிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இது வூட்டுலே மாட்ட ஆவாது. பேரப் புள்ளைங்க கேக்கும். வேற எடுங்க, சார். நான் அன்னிக்கே நேரா உக்காந்தேன். நீங்கதான் திரும்பச் சொன்னீங்க."

டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அவள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, மடியிலிருந்து திருநீறு எடுத்து இட்டுக்கொண்டு வந்தாள். பின்னால் தொங்கிய சரங்களையெல்லாம் கண்ணாடிக்காரர் ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டினார். வெயில் நேர் எதிரே அடித்தது; நிழல் ஒன்றும் இல்லை; பின்னால் மூடிய கடையின் தகரக் கதவு. நமது கூட்டத்தார் யாராவது பார்த்திருந்தால் காமிராவைப் பிடுங்கிக் கொண்டிருப்பார்கள். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, நேராக நம்மைப் பார்த்தாள்.

"சிரிக்கட்டுமா, வாணாமா?"

"உங்கள் இஷ்டம், அம்மா."

சற்று யோசித்தாள். சிரிக்கவில்லை. ஆனால் முழிக்கவும் இல்லை.

இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லவில்லை. அடுத்த தெருவில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. அச்சு வெளியே வரும் வரையில் அங்கேயே நின்று, கண்ணாடிச் சட்டமும் போட்டு வாங்கி வந்தோம். மறுபடியும் மூக்குக் கண்ணாடி வந்தது. இந்த முறை தூரத்தில் பிடிக்கவில்லை. கண்ணாடிக்காரர், டீக்கடைப் பையன், எதிர்க் கடை மாலைக்காரர் எல்லோருக்கும் படம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"எவ்ளோ சார் ஆச்சு?"

நாம் பணம் வாங்க மறுத்தோம். அவள் அதற்கு மேல் தர்க்கம் செய்யவில்லை. "வூட்டுலே அம்மா பூ வைப்பாங்க இல்லே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, மல்லிகைப் பந்திலிருந்து முழங்கையை வைத்து நான்கு முழம் அளந்து, அதற்கு மேலும் ஒரு சாண் விட்டு, நறுக்கி, வாழையிலையில் சுற்றிக் கொடுத்தாள்.